கல்யாண மேடையில் விடைபெறும் பாட்டு எதற்கு?

போன சனிக்கிழமை மறுபடியும் நடந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையும் கழுத்துமாக உள்ளே வருகிறார்கள், பெண்ணின் சித்தி மகள் மைக்கைப் பிடித்து ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ என்று ஆரம்பிக்கிறது. இந்த வருடத்தில் எனக்கு இது நாலாவது. சிங்கப்பூரில் 17 வருடமாகக் கல்யாணங்களுக்கு ஒலியமைப்பும் பாட்டும் பார்க்கிறேன், இத்தனை நாள் மிக்சருக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்றாயிற்று. போதும்.

ஐயா, அம்மா, அது பிரிந்து போகிறவள் பாடுகிற பாட்டு. இங்கேயே இருந்தால் உனக்கு நான் இடைஞ்சல், அதனால் கிளம்புகிறேன் என்றுதான் முதல் வரியே ஆரம்பிக்கிறது. தலைப்பில் லவ் இருந்தால் போதுமா? முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, பழைய பள்ளி ஆசிரியை, என்னைத் திரும்பிப் பார்த்து, “ஏம்பா, பொண்ணு இப்பத்தானே வந்துச்சு, அதுக்குள்ள கிளம்புறேங்குது?” என்றார். நான் என்ன சொல்ல?

அப்புறம் நெறியாளரின் அந்த அறிவிப்பு: “விட்னி ஹூஸ்டன் எழுதிப் பாடிய அமர காதல் பாடல்.” எனக்கு எரிகிற இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். எழுதியது டாலி பார்ட்டன், அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரியில் பேர்போன பாடகி. 1967இல் போர்ட்டர் வேகனர் என்பவரின் டிவி நிகழ்ச்சியில் பாடகியாகச் சேர்ந்தவர், சில வருடங்களில் தனியாகப் போக நினைத்தார், வேகனரோ விடுவதாக இல்லை. பேசிப் பயனில்லை என்று ஒரு பாட்டை எழுதி அவர் முன்னால் உட்கார்ந்து பாடிக் காட்டினார். கேட்டவர் அழுதுவிட்டார், போகவும் விட்டார். ஆக, அது காதலனுக்கு எழுதியதுகூட இல்லை, ஒரு விதத்தில் ராஜினாமாக் கடிதம்! 1973இல் ஒலிப்பதிவு, 1974இல் அமெரிக்க கன்ட்ரி பாடல் பட்டியலில் முதலிடம்.

எல்விஸ் பிரெஸ்லிகூடப் பாட ஆசைப்பட்டார். பாட்டின் வெளியீட்டு உரிமையில் பாதியைத் தர வேண்டும் என்று அவருடைய மேலாளர் கர்னல் பார்க்கர் கேட்க, டாலி முடியாது என்று சொல்லிவிட்டு இரவெல்லாம் அழுதாராம். 1992இல் ‘தி பாடிகார்ட்’ படத்துக்காக விட்னி பாடி, அது அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தபோது அந்த உரிமை முழுசாக டாலி கையில்தான் இருந்தது. எழுதினவர் பெயரை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கிற நெறியாளர்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

விட்னியைக் குறைத்துச் சொல்லவில்லை. வாத்தியமே இல்லாமல் வெறும் குரலில் தொடங்குகிற அந்த ஆரம்பத்துக்கு இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் கரோக்கி டிராக்கிலும் அந்த இடம் வெறும் மௌனம்தான். பாடுகிற பிள்ளை பயத்தில் வாயைத் திறக்காது, ஸ்பீக்கர் போய்விட்டது என்று மண்டபமே என்னை முறைக்கும். கடைசியில் ஒரு டிரம் அடி, சுருதி ஒரு முழு ஸ்வரம் மேலே ஏறும், பிள்ளை கீழேயே நிற்கும்.

அதனால் தயவுசெய்து: பாட்டைத் தேர்வு செய்யும் முன் வரிகளை ஒரு தடவை உட்கார்ந்து படியுங்கள், ஆங்கிலப் பாட்டென்றாலும். பாடப்போகிறவர் முந்தின நாளே வந்து டிராக்கோடு பாடிப் பார்க்கட்டும், எட்டவில்லையென்றால் சுருதியை இறக்கித் தருகிறேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாட்டு எழுதுகிறவர்கள், இசையமைக்கிறவர்களின் சங்கமான காம்பஸ் தருகிற இசை உரிமம் இருக்கிறதா என்று மண்டபக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள், நிகழ்ச்சி அன்று என்னிடம் கேட்காதீர்கள். வீடியோவை இணையத்தில் போடுகிறவர்கள் எழுதினவர் பெயரையும் பாடின பிள்ளையின் பெயரையும் போடுங்கள். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த நம் காப்புரிமைச் சட்டம் இரண்டு பேருக்கும் அந்த உரிமையைத் தருகிறது.

இல்லை, அந்தப் பாட்டுதான் வேண்டும் என்று பிடிவாதமா? சரி. ராத்திரி பத்தரைக்கு, தாம்பூலப் பையோடு எல்லாரும் லிஃப்ட் பக்கம் நகரும்போது டாலியின் பதிவைப் போட்டு விடுகிறேன்.