வீட்டில் புகையிலைச் செடி வளர்க்க அனுமதி வேண்டுமா?

மாடித் தோட்டத்தில் அசுவினிப் பூச்சித் தொல்லை வந்துவிட்டால், செடிக்கு அடிக்கக் கஷாயம் போட இரண்டு புகையிலைச் செடி வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். உடனே ஒருவர் "லைசென்ஸ் இல்லாமல் வைக்கக் கூடாது" என்பார். இன்னொருவர் கஞ்சாவோடு சேர்த்துக் குழப்பி, விதை வைத்திருப்பதே குற்றம் என்று பயமுறுத்துவார். இந்தியச் சட்டம் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: நீங்கள் விதைப்பது எந்த ரகப் புகையிலை?

சிகரெட்டுக்குப் போகும் வெர்ஜீனியா புகையிலை என்றால் பதிவு கட்டாயம். 1975-ஆம் ஆண்டின் புகையிலை வாரியச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, வாரியத்தில் பதிவு செய்துகொள்ளாமல் எவரும் வெர்ஜீனியா பயிரிடக் கூடாது என்கிறது. அரை ஏக்கரா, ஒரு தொட்டியா என்று அது பிரித்துப் பேசவில்லை. குண்டூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த வாரியம், ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் எவ்வளவு விளையலாம் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் அளவு வைக்கிறது. விளைச்சல் மிஞ்சி விலை விழுந்தால் அடிபடுவது விவசாயிதான் என்பதால் வந்த ஏற்பாடு இது. நாற்று வளர்த்து விற்பவர், இலையை அனலில் பதப்படுத்தும் கொட்டகை வைத்திருப்பவர், ஏலத்தில் வாங்கும் வியாபாரி என்று எல்லோருக்கும் பதிவோ உரிமமோ உண்டு. விவசாயியின் பதிவை முன்பு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2025-ல் அதை மூன்று ஆண்டாக்கினார்கள். இந்த ஏற்பாடு முழுக்க வயலும் கொட்டகையும் வைத்திருப்பவர்களுக்கானது. வீட்டுத் தோட்டக்காரர் அதற்குள் நுழைய முயல்வதில் பலன் இல்லை. வெர்ஜீனியா விதையைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது.

சரி, நம்மூர்ப் புகையிலை? திண்டுக்கல், ஈரோடு, கோவைப் பக்கம் விளையும் மெல்லும் புகையிலையும், வேதாரண்யத்தில் புகை போட்டுப் பதப்படுத்தும் இலையும் வெர்ஜீனியா அல்ல. வட்டக்கப்பல், ஊசிக்கப்பல் போன்ற பழைய நாட்டு ரகங்களுக்கும், வேடசந்தூர் புகையிலை ஆராய்ச்சி நிலையம் தந்த அபிராமி போன்ற ரகங்களுக்கும் அந்தப் பதிவு விதி பொருந்தாது. வீட்டில் நாலு செடி வைக்க யாரிடமும் மனுப் போட வேண்டாம். அதனால் விதை வாங்கும்போது ரகத்தின் பெயரைக் கட்டாயம் கேளுங்கள். பெயர் தெரியாத விதை வேண்டாம்.

"அந்தக் காலத்தில் கலால்காரர் வந்து செடியை எண்ணுவார்" என்று பெரியவர்கள் சொல்வதும் சும்மா இல்லை. 1943-லிருந்து பதப்படுத்திய இலைக்கே மத்திய கலால் வரி இருந்தது. எவ்வளவு நிலத்தில் பயிர் என்று விவசாயி அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். 1979-ல் அந்த இலை வரி போனது. வரி போய் இத்தனை காலம் ஆன பிறகும் பயம் மட்டும் போகவில்லை.

செடி வளர்ப்பதற்குத் தடை இல்லை என்பதை, இலையை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நறுக்கி, பொட்டலம் கட்டி விற்கப் போனால் அது வேறு கதை. 2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் புகையிலைப் பொருள்கள் சட்டப்படி பொட்டலத்தில் எச்சரிக்கைப் படம் இல்லாமல் விற்க முடியாது. அந்தப் படம் பொட்டலத்தின் முகப்பில் 85 சதவீதம் இருக்க வேண்டும் என்பது 2016-லிருந்து நடைமுறை. 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கக் கூடாது. கலால், ஜிஎஸ்டி எல்லாம் தனி. விளைவித்தவர் இலையை மட்டும் பச்சையாகவோ காயவைத்தோ, ஜிஎஸ்டி பதிவு பெற்ற வியாபாரிக்குக் கொடுத்தால், ஜிஎஸ்டி கட்ட வேண்டியவர் வாங்கும் வியாபாரி, விவசாயி அல்ல.

இனி விதை. முதல் தடவை பார்ப்பவர்கள் மலைத்துப் போவார்கள். விரல் நுனியில் ஒட்டும் காப்பித் தூள் மாதிரி இருக்கும். ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கும் மேல் விதை. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டி, நாற்று நெருங்கி அழுகிவிடும். ஒரு சிட்டிகை விதையை இரண்டு கைப்பிடி மணலில் நன்றாகக் கலந்து தூவுங்கள். மேலே மண் போட்டு மூடாதீர்கள், வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். பூவாளியால் மெல்லத் தண்ணீர் தெளித்தால் ஒரு வாரம், பத்து நாளில் பச்சைப் புள்ளிகள் தெரியும். ஆறு ஏழு வாரத்தில் பிடுங்கி நடலாம்.

தக்காளி, மிளகாய்க்குப் பக்கத்தில் மட்டும் நடாதீர்கள். மூன்றும் ஒரே குடும்பம். புகையிலையின் தேமல் வைரஸ் கை வழியாகவே அவற்றுக்குத் தாவும். இலையைத் தொட்டால் விரலில் கோந்து மாதிரி ஒட்டும். பனியிலோ மழையிலோ நனைந்த இலையை வெறும் கையால் பறித்தால் நிகோடின் தோல் வழியே ஏறிவிடும். தலைசுற்றல், குமட்டல், வாந்தி வரை போகும். வயல் வேலைக்குப் போகும் பெண்களும் பிள்ளைகளும் படும் வேதனை இது, அசட்டையாக இருக்கக் கூடாது. கையுறை போடுங்கள், குழந்தைகளை அண்ட விடாதீர்கள். கஷாயமும் விஷம்தான். கீரைக்கு அடிக்க வேண்டாம், குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவும் வேண்டாம்.

அப்புறம், ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனோ மகளோ "ஊர் விதை கொஞ்சம் அனுப்புங்க" என்று கேட்டால் புகையிலை விதையை மட்டும் அனுப்பாதீர்கள். அங்கே கலால் உரிமம் இல்லாமல் செடி வளர்ப்பது மட்டுமல்ல, விதையும் இலையும் வைத்திருப்பதே சட்டப்படி தப்பு. வீட்டு உபயோகத்துக்கு என்று சொன்னாலும் விட மாட்டார்கள்.