படிகத்துக்குள் அடைபட்ட பாறைக்குழம்பும் லாக்கியின் கந்தகக் கணக்கும்

ஐஸ்லாந்தின் தெற்கே லாக்கி என்னுமிடத்தில் 1783 ஜூன் 8 அன்று நிலம் பிளந்தது. ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பிளவின் வழியே எட்டு மாதங்கள் பாறைக்குழம்பு வெளியேறியது. கந்தகமும் ஃபுளோரினும் கலந்த வாயுக்கள் மேய்ச்சல் நிலத்தில் படிந்து கால்நடைகளைக் கொன்றன. தொடர்ந்த பஞ்சத்தில் நாட்டு மக்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர். வாயுவை அளக்கும் கருவி அன்று எவரிடமும் இல்லை. எனினும், அங்கு வெளிப்பட்ட கந்தக டைஆக்சைடு ஏறத்தாழ 12 கோடி டன் என்று கணக்கிட முடிந்திருக்கிறது.

ஆழத்தில் அழுத்தம் மிகுதி என்பதால் நீர், கார்பன் டைஆக்சைடு, கந்தகம் ஆகியவை மாக்மாவில், அதாவது நிலத்தடிப் பாறைக்குழம்பில், கரைந்திருக்கும். மேலேறும்போது அழுத்தம் குறைய, அவை குமிழிகளாகப் பிரிந்து வெளியேறிவிடும். எனவே தரையில் உறைந்து கிடக்கும் எரிமலைப் பாறையை மட்டும் ஆராய்ந்தால், மாக்மாவில் முதலில் எவ்வளவு வாயு இருந்தது என்பது தெரியாது. ஆனால் ஆழத்திலேயே வளரத் தொடங்கும் ஒலிவின், பிளேஜியோகிளேஸ் போன்ற படிகங்கள் சீராக வளர்வதில்லை. அவற்றின் முகங்களில் உண்டாகும் குழிகளில் சுற்றியுள்ள குழம்பு புகுந்துகொள்ள, படிகம் மேலும் வளர்ந்து அக்குழியின் வாயை மூடிவிடுகிறது. பெரும்பாலும் சில பத்து மைக்ரோமீட்டர் அளவே உள்ள அத்துளி, வெளியே அழுத்தம் குறைந்தாலும் படிகச் சுவரின் உறுதியால் தன் வாயுவை இழக்காமல் மேலே வந்து, வேகமாகக் குளிர்ந்தால் கண்ணாடியாக உறைகிறது. மெல்லக் குளிரும் எரிமலைப் பாறையில் துளிக்குள்ளேயே புதிய படிகங்கள் தோன்றிவிடும் என்பதால், வானில் வீசப்பட்டு உடனே உறைந்த துகள்களையே ஆய்வாளர்கள் நாடுகிறார்கள்.

இத்தகைய துளிகளை ஆங்கிலேயப் புவியியலாளர் ஹென்றி கிளிஃப்டன் சார்பி 1858-இலேயே நுண்ணோக்கியில் கண்டு விவரித்தார். இன்று படிகத்தைத் துளி வெளித்தெரியும் வரை தேய்த்து மெருகேற்றி, எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால், எழும் எக்ஸ் கதிர்கள் கந்தகத்தின் அளவைச் சொல்லிவிடும்.

லாக்கியின் துளிகளில் கந்தகம் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 1,700 பங்கு. வாயுவை இழந்த எரிமலைப் பாறையில் சுமார் 200 பங்கு. இழப்பு 1,500 பங்கு, அதாவது 0.15 விழுக்காடு. வெளியேறிய குழம்பு சுமார் 15 கன கிலோமீட்டர், எடையில் 4,000 கோடி டன், அதில் 0.15 விழுக்காடு 6 கோடி டன் கந்தகம். ஆக்சிஜனுடன் சேரும்போது எடை இரட்டிப்பதால் 12 கோடி டன். இவ்வளவு பெரிய முடிவுக்குக் கழித்தலும் பெருக்கலும் போதுமாயிருப்பது எனக்கு இன்றும் வியப்பே.

ஆனால் துளியை அப்படியே நம்பிவிட முடியாது. சூடு நீடித்தால் ஹைட்ரஜன் சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள் ஒலிவின் சுவரை ஊடுருவி வெளியேறுவதால், நீரின் அளவு குறைவாகத் தெரியும். குளிர்ந்து சுருங்கும் துளிக்குள் தோன்றும் குமிழிக்குள் கார்பன் டைஆக்சைடின் பெரும்பகுதி போய்விடுவதும் உண்டு. ஆழம் மிகுந்தால் கரையும் வாயுவும் மிகும் என்பதால், கண்ணாடியை மட்டும் அளந்தால் மாக்மா தேங்கியிருந்த ஆழம் உண்மையைவிடக் குறைவாகவே கணக்கில் வரும்.

பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ 1991 ஜூனில் வெடித்தபோது இந்தக் கழித்தல் முறையே பொய்த்தது. செயற்கைக்கோள்கள் அளந்த கந்தக டைஆக்சைடு 1.5 முதல் 2 கோடி டன். துளிகளிலோ அதில் மிகச் சிறு பங்குக்கு மட்டுமே கந்தகம் இருந்தது. அந்த மாக்மாவில் கந்தகத்தின் பெரும்பகுதி, வெடிப்புக்கு முன்பே ஆழத்தில் வாயுக் குமிழிகளாகப் பிரிந்து சேர்ந்திருந்தது என்பதே இதற்குப் பரவலாக ஏற்கப்படும் விளக்கம். குழம்பில் கரைந்திருந்ததை மட்டுமே துளி காட்டும் என்பதால், பினாட்டுபோ போன்ற எரிமலைகளுக்கு அது தரும் கணக்கைக் குறைந்தபட்ச அளவாகவே கொள்கிறார்கள்.