"ஏர்கிராஃப்ட் பார்ட்ணா, உடையவே உடையாது!"

போன சனிக்கிழமை ஒரு பையன் என் ஒர்க்‌ஷாப் மேஜையில் ஒரு சக்கரத்தைத் தூக்கி வைத்தான். பழைய ராணுவப் பயிற்சி ஜெட்டின் சக்கரம், டயரோடு. வைத்த கையோடு பையிலிருந்து ஸ்பானரை எடுத்து, சக்கரத்தின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்திருக்கும் போல்ட்டைத் திருகப் போனான். டயரில் காற்று அப்படியே இருந்தது. நான் போட்ட கத்தலில் பக்கத்து ஷெட்காரர் ஓடி வந்துவிட்டார்.

கார் சக்கரம் மாதிரி இல்லை இது. இரண்டு பாதி, நடுவே டை போல்ட். காற்றோடு அவிழ்த்தால் என்ன ஆகும் என்று விளக்கப் போவதில்லை. முதலில் காற்றை முழுக்க இறக்குங்கள், வால்வுக்குள் இருக்கும் ஊசியை (வால்வு கோர்) கழற்றுங்கள், அப்புறம்தான் போல்ட். இதோடு படிப்பதை நிறுத்திக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.

நான் தெற்குக் கலிஃபோர்னியாவில் விமான பாகங்களில் விரிசல் தேடும் வேலை பார்க்கிறேன், 22 வருஷமாக. ராணுவம் கழித்துப் போட்டது இங்கே மலிவாகக் கிடைக்கும், அதை வைத்து வீட்டுக் கராஜில் கார் கட்டுகிறவர்களும் அதிகம். இந்த வருஷம் அப்படி என்னிடம் வந்தவர்களில் இவன் நாலாவது ஆள். திருச்சிப் பக்கத்துப் பையன், சாஃப்ட்வேர் வேலை, எல் மிராஜ் வறண்ட ஏரியில் ஓட்டுவதற்கு டிராப் டாங்கை (விமானத்துக்கு வெளியே தொங்கும், கழற்றி விடக்கூடிய எரிபொருள் டாங்க்) வைத்து ஒரு லேக்ஸ்டர், அதாவது ஏரிப் படுகையில் வேகம் பார்க்கும் கார், கட்டுகிறானாம். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். 1946ல் பில் பர்க் மஸ்டாங் போர் விமானத்தின் டிராப் டாங்கையே உடம்பாக வைத்துக் கார் கட்டினார், பிறகு பி-38 லைட்னிங்கின் சுமார் 300 காலன் டாங்குக்கு மாறினார். அந்தக் கண்ணீர்த்துளி வடிவம் யாரைத்தான் இழுக்காது?

எனக்கு எரிந்தது அவன் அடுத்துச் சொன்ன வார்த்தையில். "அண்ணா, ஏர்கிராஃப்ட் பார்ட்ணா, உடையவே உடையாது!"

நாலு பேரும் இதையேதான் சொன்னார்கள், எழுதிக் கொடுத்த மாதிரி. தம்பிகளா, விமானத்துக்குப் பாகம் செய்கிறவர் அதைப் பலமாகச் செய்வதே இல்லை. தேவையான அளவு பலம், முடிந்த அளவு லேசு, அதுதான் அவர் கணக்கு. விமானச் சட்டகத்தில் பொதுவாக எதிர்பார்க்கும் உச்சச் சுமையைப் போல 1.5 மடங்கு தாங்கினால் போதும் என்று விட்டுவிடுவார்கள். உங்கள் அடுக்குமாடி லிஃப்ட்டின் கயிற்றுக்கு வைக்கும் கணக்கு இதைவிடப் பல மடங்கு. அப்படியிருந்தும் விமானம் எப்படிப் பறக்கிறது? அந்தப் பாகத்தைச் சுற்றி ஒரு கூட்டமே காவல் நிற்பதால். எத்தனை மணி ஓடியது, எத்தனை தடவை தரையிறங்கியது, கடைசியாக யார் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள், எல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். ஆயுள் வரையறுத்த பாகமென்றால், கணக்கு முடிந்த அன்று பார்க்கப் புதுசாக இருந்தாலும் கழற்றி எறிவார்கள். சர்ப்ளஸ் கடையில் நீங்கள் பேரம் பேசுவது அப்படி எறிந்த ஒன்றாகவே இருக்கலாம். அதன் பலத்தில் பாதி லாக்புக்கில் இருந்தது. லாக்புக் எங்கே என்று கேட்டேன், பையன் முழித்தான்.

அதோடு விமானத்தில் அது செய்யும் வேலையும் வேறு. விமான டயர் அசுர வேகம் தாங்கும்தான், ஆனால் அந்த வேகத்தில் ஒரு நிமிஷத்துக்குள் ஓடி முடித்துவிட்டு மேலே போய் ஆறிவிடும். அதைப் போட்டு நெடுஞ்சாலையில் அரை மணி ஓட்டினால் சூடு எங்கே போகும்?

சரி, வாதம் வேண்டாம் என்று சோதித்தே காட்டினேன். காற்றை இறக்கி, டயரைக் கழற்றி, பெயின்டை உரித்து, ஒளிரும் சாயம் தடவி, ஊற விட்டுத் துடைத்து, டெவலப்பர் பொடி தூவி, விளக்கை அணைத்து யு.வி. விளக்கைப் பிடித்தேன். டயர் உட்காரும் வளைவில் பச்சையாக ஒரு கோடு, கட்டைவிரல் நகத்தின் நீளம். விரிசல் அடிக்கடி தொடங்கும் இடம் அது, எங்கள் தொழிலில் முதலில் கண் போவதே அந்த வளைவுக்குத்தான். பையன் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் கேட்டான், "வெல்டு வச்சிரலாமாண்ணா?"

கூடாது. ஹீட் ட்ரீட்மென்ட் செய்த, அதாவது சூடாக்கிப் பலமேற்றிய அலுமினியம் அது, வெல்டு வைத்த இடத்தில் அந்தப் பலம் போய்விடும். அதோடு, பழைய சக்கரங்கள் நிறைய மெக்னீசியக் கலவையில் செய்தவை. அதன் தூள் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் சீறும், உலோகத் தீக்கான டி வகை அணைப்பான் இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. வண்டி கட்டுகிறவர்கள் எஞ்சினைப் பற்றியே பேசுகிறார்கள். தரையில் வேக சாதனைக்கு ஓட்டிய ஆர்ட் ஆர்ஃபன்ஸ், சேதமடைந்த ஜே79 போர் விமான ஜெட் எஞ்சின் ஒன்றை 5,000 டாலருக்கு வாங்கித் தானே சரி செய்து, 1965ல் பானவில் உப்புவெளியில் மணிக்கு 576 மைல் தொட்டார். அடுத்த வருஷம் 600 மைலுக்கு மேல் போகும்போது சிக்கிக்கொண்டது ஒரு சக்கர பேரிங். வண்டி தூள் தூளானது, மனுஷன் பிழைத்தது அதிசயம். அதே மாதிரி வேக சாதனைக்கு ஓட்டிய ஜெஸ்ஸி கோம்ப்ஸுக்கு அந்த அதிசயம் நடக்கவில்லை. ஸ்டார்ஃபைட்டர் போர் விமானத்தின் உடலில் கட்டிய வண்டி, அதே ஜே79 வகை எஞ்சின், 2019 ஆகஸ்ட் 27, ஆரிகனின் ஆல்வோர்ட் பாலைவனம். முன்சக்கரத் தொகுதி போய்விட்டது, தரையில் கிடந்த எதிலோ மோதியிருக்கலாம் என்றது விசாரணை. இரண்டிலும் வில்லன் எஞ்சின் இல்லை, தரையைத் தொடும் இடம். எஞ்சினுக்குச் செலவழிக்கும் கவனத்தில் பாதியையாவது அங்கே வையுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

மஞ்சள் மினுமினுப்போடு இருக்கும் பழைய போல்ட்டுகளைச் சூடாக்காதீர்கள், வெல்டு வைக்காதீர்கள். காட்மியம் பூச்சாக இருக்கலாம். புகை உள்ளே போனால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ராத்திரி ஃப்ளூ மாதிரி வரும், அதன்பின் நுரையீரலில் நீர் கோத்துவிடலாம். காலியான டிராப் டாங்க்தானே என்று கட்டிங் டார்ச்சைப் பற்றவைக்காதீர்கள், வெடிப்பது பெட்ரோல் இல்லை, அதன் ஆவி. ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி வீசும் எஜெக்ஷன் சீட்டை யாராவது விற்றால் கையை எடுத்துவிட்டு விலகி வாருங்கள், உள்ளே வெடிமருந்துக் கார்ட்ரிட்ஜ் இல்லை என்று விற்பவன் சொல்வது ஆதாரமாகாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து மீட்டர்களை டாஷ்போர்டில் பதிக்கிறவர்களுக்கு: முள்ளில் இருப்பது பெரும்பாலும் ரேடியம் பெயின்ட். "இப்ப இருட்டுல ஒளிர்றதே இல்ல சார், செத்துப்போச்சு" என்பார்கள். செத்தது ஒளி கொடுக்கும் துத்தநாக சல்ஃபைடு. ரேடியம் பாதியாகவே 1,600 வருஷம் ஆகும். கண்ணாடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், ஏர் அடித்துத் துடைக்கவே துடைக்காதீர்கள்.

சக்கரத்தைப் பையனிடம் அப்படியே திருப்பித் தர மனசு வரவில்லை. வேறு யாருக்காவது விற்றுவிடுவான், அவர் இன்னொரு வண்டியில் மாட்டுவார். அவனையே ரம்பத்தைப் பிடிக்கச் சொன்னேன். விரிசல் மேலேயே குறுக்காக அறுத்தோம், அரை மணி ஆனது. நல்ல பாதியைக் காபி டேபிளுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். அதையும் அறு என்றேன்.