காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்கு ஏன் மிரட்டுகிறது?

நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “டெங்கு வார்டில் காய்ச்சல் அடிக்கும் குழந்தையைவிட, காய்ச்சல் விட்ட குழந்தைக்குத்தான் அடிக்கடி பி.பி. பார்க்கச் சொல்கிறார்கள். ஏன்? அப்புறம், ரத்தக்கசிவு வரும் நோயில் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு) எப்படி ஏறுகிறது?”

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. ஏடிஸ் கொசு, நான்கு வகை வைரஸ், மூட்டுவலி எல்லாம் தெரிந்த கதை. நேராக ரத்தக்குழாய்க்குள் போவோம்.

மிக மெல்லிய ரத்தக்குழாயான நுண்குழாயின் சுவர் ஒரே ஒரு செல் தடிமன்தான். அந்தச் செல்களின் உட்புறத்தில், குளத்துப் படியில் பாசி படிந்த மாதிரி ஒரு வழுவழுப்பான பூச்சு உண்டு. பெயர் கிளைக்கோகேலிக்ஸ். சர்க்கரைச் சங்கிலிகளும் புரதங்களும் பின்னிய இந்தப் பூச்சுக்கு எதிர்மின்னூட்டம். ரத்தத்தில் ஓடும் ஆல்புமின் என்ற புரதத்துக்கும் அதேதான். அதனால் கிட்டே வரும் ஆல்புமினைத் தள்ளிவிடுகிறது. ஆல்புமின் உள்ளே இருக்கும்வரை தண்ணீரும் உள்ளே நிற்கும். திசுவை ஆய்வுக்காகப் பதப்படுத்தும்போதே பெரும்பாலும் அழிந்துவிடுவதால், இவ்வளவு முக்கியமான ஒன்று வெகுகாலம் சரியாகக் கண்ணில் படவே இல்லை!

டெங்கு தொற்றிய செல்கள் என்.எஸ்.1 என்ற புரதத்தை ரத்தத்தில் கொட்டுகின்றன. முதல் சில நாட்களில் ரத்தம் எடுத்து ‘பாசிட்டிவ்’ என்று சொல்கிறோமே, அதே என்.எஸ்.1. வைரஸைக் காட்டிக்கொடுக்கும் ஆசாமி என்றுதான் அதற்குப் பெயர். 2015 முதல் வந்த ஆய்வுகள் குற்றத்தில் அதற்கும் பங்கு உண்டு என்று காட்டின. குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, அந்தச் செல்லின் சொந்த நொதிகளையே கிளப்பிவிட்டு, பூச்சை வெட்டவைக்கிறது. கூடவே, நோயெதிர்ப்பு அணுக்கள் கக்கும் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்கள் செல்களுக்கு இடையிலுள்ள பிடிப்பைத் தளர்த்துகின்றன. வைரஸ் குறைந்து காய்ச்சல் இறங்கும் வேளையில்தான், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், இந்த எதிர்வினை உச்சத்துக்குப் போகிறது. வேறு வகை டெங்கு முன்பே வந்துபோன உடம்பு என்றால் இன்னும் மோசம். கியூபாவில் 1977-ல் முதல் வகை பரவியது. 1981-ல் இரண்டாம் வகை வந்தபோது நிலைமை படுதீவிரமானது.

சரி, ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? தண்ணீரும் ஆல்புமினும் நெஞ்சுக்கூட்டுக்கும் வயிற்றுக்கும் கசிந்துவிடும். சிவப்பணு உள்ளேயே தங்கும். ரத்தம் கெட்டிப்படும். 36 இருந்த பி.சி.வி. 44 ஆகும். முன்பிருந்ததைவிட 20 சதவீதம் ஏறினாலே கசிவு என்று வைத்துக்கொள்ளலாம். உடம்பு சமாளிக்கப் பார்த்து குழாய்களை இறுக்குவதால் கீழ் அழுத்தம் ஏறும். பி.பி. 100/84. மேல் எண்ணை மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று எழுதிவிட்டுப் போகக் கூடாது, இரண்டு எண்களுக்கும் இடைவெளி 16தான். 20-க்குள் வந்தாலே குழந்தை ஷாக்கில், அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலையில், இருக்கிறது. அப்போதும் அது தெளிவாகப் பேசும், கை கால் மட்டும் சில்லிட்டிருக்கும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு உறவினர்கள் பிளேட்லெட் (தட்டணு) எண்ணிக்கையின் பின்னால் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். நோய் இறங்கும்போது தட்டணு தானாகவே ஏறும். அந்த நேரத்தில் பப்பாளி இலைச்சாறு குடித்திருந்தால் பெயர் அதற்குப் போய்விடுகிறது. கசிவு தொடங்குவதைப் படுக்கையருகே முன்கூட்டியே சொல்லும் மலிவான சோதனை ஒன்றை உருவாக்கப் பணம் ஒதுக்கினால் எவ்வளவோ நல்லது.

குழாய்ச் சுவரின் செல்கள் சாகாததால் கசிவு 24 முதல் 48 மணி நேரத்தில் அடங்கிவிடும். வெளியே போன திரவம் ரத்தத்துக்கே திரும்பும். சிறுநீர் நிறையப் போகும், பி.சி.வி. இறங்கும். பி.பி. நிலையாக இருந்து பி.சி.வி. இறங்கினால் ட்ரிப்பைக் குறைக்கச் சொல்வார்கள். பழைய வேகத்திலேயே ஓடவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆனால் நாடி வேகமாகி, பி.பி. சரியும்போது பி.சி.வி.யும் இறங்கினால் அது குணமாவது அல்ல. உள்ளே எங்கோ நிஜமாகவே ரத்தம் போகிறது. டாக்டரை உடனே கூப்பிடுங்கள்.