செலவு–பயன் சீர்தூக்கல்

பாளையங்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம், ஒரு வேலைக்கு ஆகும் செலவையும் அதனால் கிடைக்கும் நன்மையையும் ஒப்பிடும் ‘காஸ்ட் பெனிஃபிட் அனாலிசிஸ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டேன். சிவப்பு அட்டைப் பேரேட்டிலிருந்து தலை நிமிராமலே, “வரவு செலவுதாம்ல” என்றார். பாலியல் குற்றவாளிகளுக்குச் சிறையில் தரும் மனநலச் சிகிச்சை பற்றிய கட்டுரைக்காகத்தான் கேட்கிறேன் என்றதும் பேனாவை மூடி வைத்தார்.

“அவனுவளுக்குச் செலவு பண்ணுதது தெரியுது. அதுல வரவு எங்கல இருக்கு?”

அந்தச் சொல் இங்கே ஏன் பொருந்தாது என்பதை அவரே சொல்லிவிட்டார். செலவு ‘செல்’ என்ற வினையில் பிறந்தது. சங்கப் பாட்டில் செலவு என்றால் பயணம். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் போகாமல் தயங்கி நிற்பது ‘செலவழுங்கல்’. கையை விட்டுப் போகும் காசுக்கு அந்தப் பெயர் அப்புறம்தான் ஒட்டிக்கொண்டது. வரவு அதற்கு ஜோடி, கல்லாவுக்கு வந்தால்தான் வரவு. பெனிஃபிட் அப்படியில்லை. லத்தீன் மூலத்தில் அதற்கு ‘நன்றாகச் செய்யப்பட்டது’ என்று பொருள். பழந்தமிழில் ‘நன்றி’ என்பதும் செய்த நன்மையைத்தான் குறித்தது. செய்ந்நன்றி என்றால் கிட்டத்தட்ட அதே சொல்தான். தவிர, ‘வரவு செலவுத் திட்டம்’ என்பதை பட்ஜெட்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கணக்கு முறைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் பிரெஞ்சுப் பொறியாளர் டுப்யூயி. பாலம், சாலை போன்ற பொதுப்பணிகளின் பயனை எப்படி அளப்பது என்று 1844இல் எழுதினார். அமெரிக்காவின் 1936ஆம் ஆண்டு வெள்ளத் தடுப்புச் சட்டம், பயன் யாருக்குப் போய்ச் சேர்ந்தாலும் சரி, அது செலவைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும் என்றது. 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் நெல்லை ஜங்ஷன் பக்கம் ஏறி வந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரை கட்டினால் காசு வராது. வீட்டுக்குள் தண்ணீர் வராது. அதுதான் பயன்.

சிகிச்சையும் அப்படித்தான்; நடக்காமல் போன குற்றம்தான் அதன் பயன். கனடா உளவியலாளர் கார்ல் ஹேன்சனின் குழு 2002இல் 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சை பெற்றவர்களில் 12.3 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 16.8 விழுக்காட்டினரும் மறுபடி பாலியல் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். நூற்றுக்கு நாலரைப் பேர் வித்தியாசம். சித்தப்பாவுக்குப் புரிவதற்காகப் பொட்டலத் தாளில் ஒரு கணக்குப் போட்டேன்: ஆளுக்கு ஒரு லட்சம் செலவு என்று வைத்துக்கொண்டால் நூறு பேருக்கு ஒரு கோடி. நாலரையால் வகுத்தால், மறுபடி குற்றம் செய்யாமல் ஒருவனைத் தடுக்கச் சுமார் 22 லட்சம். போலீஸ், கோர்ட், ஆஸ்பத்திரி, அவனுக்கு இன்னும் பத்து வருஷம் சிறைச் சோறு, எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டுமா என்பதுதான் கேள்வி. சிக்கியவர்களை மட்டும் எண்ணியது இது. சிக்காதவன் எந்தப் பத்தியிலும் இல்லை.

சில சமயம் தட்டு மறுபக்கம் சாயும். இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் பாலியல் குற்றவாளிகளுக்குச் சிகிச்சையாக நடந்த பயிற்சியை அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம் 2017இல் மதிப்பிட்டது. பயிற்சி பெற்றவர்களில் 10 விழுக்காட்டினரும் அவர்களை ஒத்த மற்றவர்களில் 8 விழுக்காட்டினரும் மறுபடி பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். பயிற்சியைக் கைவிட்டு வேறு இரண்டைக் கொண்டுவந்தார்கள்.

பாடநூல்கள் ‘செலவு–பயன் பகுப்பாய்வு’ என்கின்றன. தப்பில்லை. ஆனால் பகுப்பது என்றால் கூறு போடுவது. இங்கே நடப்பதோ நிறுப்பது. அதனால் ‘செலவு–பயன் சீர்தூக்கல்’ என்பது என் விருப்பம். சீர்தூக்கும் கோல் என்று தராசைக் குறள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. “நிறுத்துப் பாக்கதுன்னு எழுதேன்” என்றார் சித்தப்பா. பேச்சுக்கு அது இன்னும் நல்லது.

மாட்டிக்கொண்டது ‘இன்டேஞ்சிபிள் காஸ்ட்’ என்ற சொல்லில்தான். பாதிக்கப்பட்ட பிள்ளையின் வலி, தாய் தூங்காத ராத்திரிகள் இவற்றுக்கான பெயர் அது. ‘கணக்கில் வராத செலவு’ என்று எழுதினேன். அதைக் கணக்கில் கொண்டுவரத்தானே இவ்வளவு பாடு என்று அடித்தேன். ‘காசில் சொல்ல முடியாத செலவு’ என்றால், பொருளாதார அறிஞர்கள் டாலரில் சொல்லியே காட்டுகிறார்கள். கடைசியில் ‘கண்ணுக்குத் தெரியாத செலவு’ என்று போட்டிருக்கிறேன். அந்தத் தாய்க்கு அது தெரியாமலா இருக்கும் என்று சித்தப்பா கேட்டார். இன்னும் மாற்றவில்லை.