கடவுச்சொல்லை மறுத்தால் காவலைக் கழற்றாதீர்கள்

ஒரே மாதத்தில் இது மூன்றாவது அலுவலகம். எட்டு உபுண்டு (லினக்ஸ்) கணினிகள். ஒன்றில்கூடக் கடவுச்சொல்லை மாற்ற முடியவில்லை. பழைய கடவுச்சொல்லைக் கேட்கிறது, கொடுத்ததும் பிழைச்செய்தி காட்டி நின்றுவிடுகிறது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "ஒன்றுமே செய்யவில்லை" என்றார்கள். கால் மணி நேரம் கழித்துத்தான் உண்மை வந்தது: "புதிதாக எதைக் கொடுத்தாலும் தரமில்லை என்றது. அதனால் ஒரு வரியை நீக்கினோம்."

அந்த வரிதான், உள்நுழைவையும் கடவுச்சொல்லையும் கையாளும் பேம் என்ற பகுதியின் அமைப்புக் கோப்பில் தரத்தைச் சோதிக்கும் பிடபிள்யூகுவாலிட்டி வரி. அதற்குக் கீழே உள்ள வரி தானாகப் புதிய கடவுச்சொல்லைக் கேட்காது. மேலே உள்ளவர் வாங்கித் தந்ததை மட்டுமே எடுத்துக்கொள்ளும். மேல்வரியை நீக்கினால் கீழ்வரி வெறுங்கையோடு நிற்கும். வரியைத் திரும்பச் சேர்த்தேன், சரியாகிவிட்டது. வட்டு நிரம்பியிருந்தாலும், மீட்புப் பயன்முறையில் வட்டு படிக்க மட்டுமே திறந்திருந்தாலும் இதே பிழைச்செய்திதான் வரும், அவற்றையும் பாருங்கள். பேம் கோப்பைத் தொடுமுன் நகல் எடுங்கள். இன்னொரு முனையத்தில் ரூட் (நிர்வாகி) உரிமையோடு நுழைந்து, வேலை முடியும்வரை அதை மூடாமல் வையுங்கள். இதைச் செய்யாமல் வெளியேறியவர்களின் கணினிகளை மீட்க எத்தனை இரவுகள் விழித்திருக்கிறேன்!

எனக்குப் பெரும் வருத்தம் தருவது வேறொன்று. "பெரிய எழுத்து இருக்கிறது, எண் இருக்கிறது, குறி இருக்கிறது, இதையும் மறுத்தால் கணினியில்தான் கோளாறு" என்கிறார்கள். கோளாறு இல்லை. பாஸ்வேர்ட் என்ற ஆங்கிலச் சொல்லில் 'ஏ' எழுத்துக்குப் பதில் @ குறியும் 'ஓ' எழுத்துக்குப் பதில் சுழியமும் போட்டால் அது புதுச்சொல் ஆகிவிடாது. பிடபிள்யூகுவாலிட்டி பயன்படுத்தும் கிராக்லிப் என்ற சோதனை நிரல் அந்த மாற்றங்களைத் திருப்பிப்போட்டு, சொல்லைத் தலைகீழாக்கியும் அகராதியில் தேடுகிறது. திருடனும் அதையேதான் செய்கிறான். எழுத்தும் எண்ணும் குறியும் கலக்கச் சொன்ன அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட்டின் 2003 வழிகாட்டியை எழுதிய பில் பர், அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017இல் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட் தன் வழிகாட்டியையும் திருத்தியது: கலவை விதி வேண்டாம், நீளம் வேண்டும், கசிந்த கடவுச்சொற்களின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும்.

அமைப்பவர்களும் தவறுகிறார்கள். பிடபிள்யூகுவாலிட்டி அமைப்பில் எண்களுக்கான டிகிரெடிட் அளவை 1 என்று வைத்துவிட்டு ஓர் எண்ணைக் கட்டாயமாக்கியதாக நம்புகிறார்கள். நேர் எண் கொடுத்தால் அது சலுகை. எண் சேர்த்தவருக்குத் தேவையான நீளம் குறைகிறது. கட்டாயமாக்க -1 தர வேண்டும். கிராக்லிப்பின் அகராதி பெரும்பாலும் ஆங்கிலம் என்பதால், ஆங்கில எழுத்தில் அடித்த குலதெய்வத்தின் பெயரோ ஊரின் பெயரோ தப்பிவிடலாம். அவற்றையும் அலுவலகப் பெயரையும் பேட்வேர்ட்ஸ் (தடைசெய்த சொற்கள்) பட்டியலில் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.

நிர்வாகி உரிமையோடு மாற்றினால் தரமற்ற கடவுச்சொல்லையும் எச்சரிக்கை மட்டும் காட்டி ஏற்றுக்கொள்ளும், நிர்வாகிக்கும் தனியாகக் கட்டாயமாக்கியிருந்தாலொழிய. அதை வழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பயனர் சேமித்த கடவுச்சொற்களை வைத்திருக்கும் சாவிவளையம் பழைய கடவுச்சொல்லிலேயே பூட்டியிருக்கும். பழையது மறந்துபோயிருந்தால் அதில் சேமித்தவை அனைத்தும் போய்விடும்.

மறுப்பின் காரணம் தெரிய பிடபிள்யூஸ்கோர் கட்டளையை இயக்கி, அடுத்த வரியில் சொல்லை உள்ளிடுங்கள். மதிப்பெண் தரும், அல்லது காரணத்தைச் சொல்லும். கட்டளை வரியிலேயே கடவுச்சொல்லை எழுதவே எழுதாதீர்கள். அது கட்டளைகளின் வரலாற்றுக் கோப்பில் தங்கிவிடும்.

அந்த அலுவலகத்தில் நடந்ததும் இவ்வளவுதான். பழையதிலிருந்து ஐந்து எழுத்தாவது மாற வேண்டும் என்று அமைத்திருந்தார்கள். கணக்காளர் அம்மா ஆண்டின் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார். "பழையதைப் போலவே இருக்கிறது" என்று கணினி ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறது. தொடர்பே இல்லாத நான்கு சொற்களை அவரையே யோசிக்கச் சொன்னேன். முதல் முறையிலேயே ஏற்றுக்கொண்டது.