மீட்டரைப் பார்த்து கார் வாங்காதீர்கள்

பணத்தைக் கொடுத்து முடித்த பிறகு வண்டியைச் செக் பண்ணக் கொண்டு வராதீர்கள் என்று எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை. கோவையில் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். போன வாரம் ஒரு தம்பி 2014 மாடல் ஹேட்ச்பேக் ஒன்றைக் கொண்டு வந்தார். முதல் வேலை, முதல் கார், பாதிப் பணம் அப்பா கொடுத்தது. மீட்டரில் 38,000 கிலோமீட்டர். "சிங்கிள் ஓனர்ங்கண்ணா, டாக்டர் ஓட்டுன வண்டிங்க" என்றார் பெருமையாக. பிரேக் பெடல் ரப்பரைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். பழைய ஓனரைத் தேடிப் பிடித்து கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டை எடுக்கச் சொன்னோம். 2019-லேயே 1,12,000 ஓடியிருக்கிறது. விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை.

அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் இந்தக் கிலோமீட்டர் மயக்கத்தைப் பேசிவிடுகிறேன். பழைய கார் தேடுகிற இளைஞர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வியே "எவ்வளவு ஓடியிருந்தா வாங்கலாம்?" என்பதுதான். டிஜிட்டல் மீட்டரை மாற்ற முடியாது என்று பலர் நம்புகிறார்கள். முடியும். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் இடத்தில் கருவியைச் செருகி மாற்றுகிறார்கள். சில மாடல்களில் மீட்டரைக் கழற்றி உள்ளே இருக்கும் சிப்பில் எழுதுகிறார்கள். சில மணி நேர வேலை. அந்த எண்ணை நம்பி மூன்று நான்கு லட்சத்தைக் கொடுக்கிறீர்கள்.

சரி, மீட்டர் உண்மைதான் என்றே வைத்துக்கொள்வோம். பத்து வருட வண்டி, 25,000 கிலோமீட்டர். அதாவது வருடத்துக்கு 2,500. கடைக்கும் கோயிலுக்கும் போய் வந்திருக்கும், மீதி நாளெல்லாம் ஷெட்டில் நின்றிருக்கும். இன்ஜின் முழுச் சூடு ஏறும் முன்பே ஆஃப் ஆகியிருப்பதால் ஆயிலில் ஈரமும் எரியாத பெட்ரோலும் சேர்ந்துகொண்டே வந்திருக்கும். ரேடியேட்டர் ஹோஸ், சஸ்பென்ஷன் புஷ், இன்ஜின் மவுன்ட், ஏசி சீல் எல்லாம் ரப்பர். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வயதாகும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் என்பதால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறோம். "வண்டிதான் ஓடவே இல்லையே" என்று இதையெல்லாம் மாற்றாமலே விட்டிருப்பார்கள். ஹைவேயில் 80,000 ஓடி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில் வைத்திருக்கும் வண்டியை நான் கண்ணை மூடிக்கொண்டு இதற்கு மேலே வைப்பேன். குறைவாக ஓடியது என்பது வேறு, நன்றாகப் பராமரித்தது என்பது வேறு. விற்பவர் முதலாவதைச் சொல்லி இரண்டாவதற்குக் காசு வாங்குகிறார்.

அதனால் மீட்டருக்குப் பதிலாக வண்டியைப் பாருங்கள். பெடல் ரப்பர், டிரைவர் சீட்டின் கதவோர விளிம்பு, ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடம், கியர் குமிழ். 30,000 ஓடிய வண்டியில் இவை வழவழப்பாகத் தேய்ந்திருக்காது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கார் 2017, ஓடியது 28,000, ஆனால் நான்கு டயரும் 2020 என்றால், ஏன் அவ்வளவு சீக்கிரம் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். சர்வீஸ் ரெக்கார்டை ஓனரையே கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். தயங்குகிறார் என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இன்ஷூரன்ஸ் பேப்பரில் 'நோ கிளெய்ம் போனஸ்' (கிளெய்ம் வாங்காதவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி) எவ்வளவு என்றும் பாருங்கள். 50 சதவீதம் என்றால் தொடர்ந்து ஐந்து வருடம் கிளெய்ம் இல்லை. பூஜ்யம் என்றால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சொந்தக் காசில் டிங்கரிங் செய்தவர்களும் உண்டு, ஆகவே பானெட்டையும் டிக்கியையும் திறந்து போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருக்கிறதா (கழற்றி மாட்டிய அடையாளம் அது) என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீரில் நின்ற வண்டி. 2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி சென்னை, அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி. அப்போது மூழ்கிய கார்களில் கழுவிக் காயவைத்து வெளியூருக்கு விற்றவையும் உண்டு. சிலவற்றை நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். சென்னைப் பதிவு எண் என்பதாலேயே ஒரு வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை. ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, ஃபியூஸ் பாக்ஸில் பச்சை படிந்த முனைகள், ஏசி போட்டதும் ஒரு மக்கிய வாடை. இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். இன்று ஓடும். ஒயரிங் கனெக்டர்கள் ஒவ்வொன்றாக அரித்து, ஆறு மாதத்தில் உங்களை நடுரோட்டில் நிறுத்தும்.

இப்போது பெற்றோரும் சேர்ந்து படிக்க வேண்டிய இடம். நீங்கள் புதிதாக ஓட்டப் போகிறீர்கள். திடீரென்று நாய் குறுக்கே வந்தால் பிரேக்கை முழு பலத்தோடு அமுக்குவீர்கள். அப்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஸ்டீயரிங் உங்கள் பேச்சைக் கேட்க ஏபிஎஸ் வேண்டும். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு, 2014-இல் இந்தியாவின் சிறிய கார்களை மோதிப் பார்த்தபோது, ஏர்பேக் இல்லாத ஃபோக்ஸ்வேகன் போலோவுக்குப் பூஜ்ய நட்சத்திரம், இரண்டு ஏர்பேக் உள்ள அதே போலோவுக்கு நான்கு. ஓட்டுநர் ஏர்பேக்கை எல்லாப் புதிய கார்களுக்கும் அரசு கட்டாயமாக்கியது 2019 ஜூலையில்தான். பக்கத்து சீட்டுக்கு 2022-இல். அதற்கு முந்தைய கார்களில் குறைந்த விலை வேரியன்ட்டுகள் பல ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாமலே வந்தவை. அலாய் வீலுக்கும் டச் ஸ்கிரீனுக்கும் இருபதாயிரம் கூடக் கொடுக்கிறீர்களே, தயவுசெய்து அந்தப் பணத்தை இதற்குக் கொடுங்கள். 2018-க்குப் பிந்தைய புதிய வடிவ ஸ்விஃப்டில் எல்லா வேரியன்ட்டிலும் ஏர்பேக், ஏபிஎஸ் இரண்டும் உண்டு. டாடா டியாகோ 2020-இல் குளோபல் என்கேப்பில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அந்த வண்டியில் ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது.

ஓட்டிப் பார்க்கும் விஷயத்தில் ஒன்றே ஒன்று: நீங்கள் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். பானெட்டில் கை வையுங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் காலையில் மறுபடி வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜினில்தான் சத்தமும் புகையும் தெரியும்.

சைலன்சர் மாற்றியது, ஸ்பிரிங்கை வெட்டி இறக்கியது, இசியு ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றுவது) செய்தது எதையும் தொடாதீர்கள். உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காகவே சொல்கிறேன், தொடாதீர்கள். இந்தியாவில் விற்பனையை நிறுத்திய கம்பெனிகளான செவர்லே, டட்சன் வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். வாங்கும் முன் உங்கள் ஊரில் ஸ்பேர் விசாரியுங்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டாதவருக்கு டீசல் எதற்கு? கையில் மூன்றரை லட்சம் இருந்தால் மூன்று லட்சத்துக்குள் பாருங்கள். டயர், பேட்டரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் முதல் சில மாதங்களில் வரிசையாக வந்து நிற்கும்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம்.

பேப்பர் விஷயத்தில் இளைஞர்கள் அசட்டையாக இருப்பதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு, கடன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35-உம் இல்லாமல் பேச வேண்டாம். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் தேதி போடாமல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, பழைய ஓனர் பெயரிலேயே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். சட்டப்படி வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். இன்ஷூரன்ஸுக்கு 14 நாள்தான். மாற்றாமல் எங்காவது மோதினால் உங்கள் வண்டியின் சேதத்துக்குக் கிளெய்ம் கிடைக்காது. பெயர் மாற்றம் முடியும் வரை கன்சல்டிங்காரருக்கு (பழைய கார் வாங்கி விற்பவர்) கொடுக்க வேண்டியதில் ஒரு தொகையை நிறுத்தி வையுங்கள். அதை விற்பனை ஒப்பந்தத்திலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.